இருபத்தைந்தாவது சொல்

நாய் திரும்பிப் பார்க்கவில்லை.

"மேனேஜர்" என்று அவன் இன்னொரு முறை கூப்பிட்டான். நாள் முழுக்கத் தூங்கிவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் எழுந்து வந்து, வேறு யாராவது கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தால் உறுமுகிற குணத்துக்காக அவனே வைத்த பெயர் அது. ஆறு வருடங்களாக அந்தப் பெயரைச் சொன்னால், எவ்வளவு ஆழ்ந்த தூக்கமானாலும், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் கிடக்கிற அந்தப் பழுப்பு உடம்பிலிருந்து ஒரு காது மட்டும் தனியாக எழுந்து நிற்கும். வால் தரையில் இரண்டு முறை தட்டும், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதைப் போல. இன்று காது எழவில்லை. செவிடாகிவிட்டதோ என்றால் அதுவும் இல்லை. சமையலறையில் ஒரு மூடி விழுந்த சத்தத்துக்குத் தலையைத் தூக்கியது. அந்தத் தலை மெதுவாக அவன் பக்கம் திரும்பி, அவனுக்கு ஒரு சாண் தள்ளி, வெறும் சுவரில் எதையோ பார்த்தது. பிறகு படுத்துக்கொண்டது.

"என்னப்பா, உன் மேனேஜர் லீவா?" என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

"வேலையை விட்டே நின்னுட்டார் போல."

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகும் அவன் நாயைப் பார்த்துக்கொண்டே நின்றான். ஒரு மணி நேரத்துக்கு முன்னால், மாடியறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அதே பெயரை அவன் வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்தியிருந்தான். அதையும் இதையும் முடிச்சுப் போட அப்போது அவனுக்குத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்?

அலுவலகத்தில் அவனுக்குப் பூட்டு என்று பெயர். முந்நூறு பேர் வேலை பார்க்கிற இடத்தில், யாரும் பாஸ்வேர்டைத் தொலைக்காமலும் திருடனிடம் கொடுக்காமலும் இருக்க வகுப்பெடுப்பது அவன் வேலை. வகுப்பில் அவன் நக்கல் பிரசித்தம். பிறந்த தேதியைப் பாஸ்வேர்டாக வைத்திருந்த கணக்குப் பிரிவுப் பெரியவரை எழுப்பி நிற்கவைத்து, "சாருக்கு எல்லாரும் பிறந்தநாள் வாழ்த்து சொல்லிட்டு அப்படியே சம்பளத்தையும் எடுத்துக்கலாம்" என்று சொல்லி ஹாலையே சிரிக்கவைத்தவன். அந்தப் பெரியவர் அன்று உட்கார்ந்த விதம் இப்போது அடிக்கடி அவன் கண்முன் வருகிறது. நாற்காலியை இழுக்காமல், சத்தம் வராமல், முழங்காலை மடக்கி.

விஷயம் இதுதான். இரண்டு வருடங்களுக்கு முன் அக்காவின் கணவர், மாமா, இறந்துபோனபோது, அவளுக்கு மிஞ்சியது அவர் ஓட்டிய வேன் மட்டும். அதை விற்ற பணத்தை எங்கே போடலாம் என்று அக்கா கேட்டாள். பல் மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுக்கிற வேலை அவளுக்கு. ஊரார் வாய்க்குள் இருக்கும் ஓட்டையெல்லாம் தெரியும், பண விஷயம் தெரியாது. "கிரிப்டோ" என்றான் தம்பி. "எனக்கென்னடா தெரியும், நீதான் பூட்டாச்சே" என்றாள் அக்கா. அவ்வளவுதான் நடந்த ஆலோசனை.

அதற்குப் பிறகு அவன் செய்ததிலெல்லாம் ஒரு குறை சொல்ல முடியாது. அந்தக் கம்ப்யூட்டர் காசின் சாவியைப் பூட்டிவைக்க விரல் நீளத்துக்கு ஒரு கருவி, அதைச் செய்கிறவர்களிடமே நேராக வாங்கினான். உறை பிரிக்கப்படவில்லை என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கருவி காட்டிய இருபத்துநான்கு சொற்களையும் பேனாவால் காகிதத்தில் எழுதினான். போட்டோ எடுக்கவில்லை, கம்ப்யூட்டரில் ஏற்றவில்லை. முதலில் சின்னத் தொகை ஒன்றைப் போட்டு, கருவியை மொத்தமாக அழித்து, காகிதத்தைப் பார்த்து மறுபடி உயிர்கொடுத்து, போட்டது இருக்கிறதா என்று சரிபார்த்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கும் கருவியின் இரண்டு பொத்தான்களை அழுத்தப் பழக்கினான். அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இல்லை.

அவன் கெட்டிக்காரன் அல்லவா, அதனால் நிறுத்தவில்லை. அந்த இருபத்துநான்கோடு, விருப்பப்பட்டால், நாமே ஒரு சொல்லைச் சேர்க்கலாம். காகிதம் திருடன் கையில் சிக்கினாலும் அந்த ஒரு சொல் இல்லாமல் பணம் அவன் கண்ணிலேயே படாது. அந்தச் சொல்லையும் எழுதி, வேறோர் இடத்தில், நம்பிக்கையான வேறொருவரிடம் வைக்க வேண்டும். இதை வகுப்பில் இரண்டு முறை அழுத்திச் சொல்வான். அவன் எழுதவில்லை. மறக்கவே முடியாத சொல் என்று நினைத்தான். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறான். சொல்தான் ஞாபகத்துக்கு வரவில்லை.

போன வாரம் அக்கா போன் செய்தாள். குடியிருக்கிற வீட்டை உரிமையாளர் விற்கிறாராம். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டுமாம். நல்லவேளையாக ஒரு சின்ன ஃபிளாட் அமைந்திருக்கிறது, திங்கட்கிழமை பணம் கட்ட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வருகிறேன். "எடுத்து வச்சிருடா, என்ன?"

"சரிக்கா" என்றான்.

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் மூன்றே சொல். மறந்துட்டேன், அக்கா, மன்னிச்சுக்கோ. அதை அவன் வாய்வரைக்கும் கொண்டுவந்து விழுங்கினான். அன்றிலிருந்து தினமும் விழுங்குகிறான்.

*

கருவியிடம் ஒரு குணம். தப்பான சொல்லைப் போட்டால் தப்பு என்று அது சொல்லாது. அப்படிச் சொன்னால் திருடனுக்குத் துப்புக் கிடைத்துவிடும் அல்லவா? ஆகவே எந்தச் சொல்லைப் போட்டாலும் ஒரு வாலட், அதாவது ஒரு பணப்பை, திறக்கும். முறையான, ஒழுங்கான, புத்தம்புது வாலட். உள்ளே பூஜ்யம். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கதவு, ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஓர் அறை, ஒன்றிலும் யாரும் குடிவரவில்லை. வகுப்பில் இதைச் சொல்லும்போது ஹால் வாயைப் பிளக்கும். அவனுக்கே பிடித்த பகுதி அது.

மாடியறையில் தனியாக உட்கார்ந்து செய்யும்போது அப்படி இல்லை. இடது பொத்தான், வலது பொத்தான், ஓர் ஆங்கில எழுத்து. மறுபடி இடது, வலது, இன்னோர் எழுத்து. பல் பட்டுக்கொள்வதைப் போல ஒரு சின்னச் சத்தம். கடைசியில் இரண்டையும் சேர்த்து அழுத்தியதும் திரை ஒரு கணம் இருண்டு மீளும். அந்த ஒரு கணத்தில், நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ முதல், அவனுக்கு ஒன்று கேட்க ஆரம்பித்திருந்தது. சத்தம் என்று சொல்ல முடியாது. சாமான் ஏற்றாத வீட்டுக்குள் முதல்முறை நுழைந்து "யாரு?" என்று கேட்டால் நம் குரலே கொஞ்சம் பெரிதாகித் திரும்பி வருமே, அந்தத் திரும்புதல் மட்டும், குரல் இல்லாமல். கூடவே காய்ந்த சுண்ணாம்பின் வாசனை. அவர்கள் வீட்டுக்குச் சுண்ணாம்படித்து வருடக்கணக்கில் ஆகிறது.

வியாழக்கிழமை அவன் "அரைமணி" என்று போட்டுப் பார்த்தான்.

அரைமணி அவன் அலுவலகத்துக் கூட்டாளி. கல்யாணமானாலும் ஆஸ்பத்திரியானாலும் "அரை மணி நேரத்துல வந்துடறேன்டா" என்று சொல்லி இரண்டரை மணி நேரம் கழித்து வருகிறவன். பதினான்கு வருடப் பழக்கம். அந்தப் பெயரை வாலட்டுக்கு வைத்திருக்க வாய்ப்பிருக்கிறது என்று பட்டது. திரை இருண்டது. எதிரொலி. சுண்ணாம்பு. பூஜ்யம்.

சாயங்காலம் மனசு கனத்ததால் அவனுக்கே போன் போட்டான்.

"டேய், எங்கடா இருக்கே?"

"வணக்கம் சார். சொல்லுங்க."

"என்னடா சார் மோர்ங்கறே? நான்தான்டா, பூட்டு."

"தெரியுது சார், நம்பர் இருக்கு. என்ன விஷயமா கூப்பிட்டீங்க?"

விளையாடுகிறான் என்று நினைத்து இவன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். அந்தப் பக்கம் அமைதி. கோபம் கலந்த அமைதிக்கு ஒரு சூடு உண்டு. இதில் அது இல்லை. தெரியாதவர் ஒருவர் பஸ்ஸில் நம் காலை மிதித்துவிட்டால், பரவாயில்லை என்று சொல்ல நேரம் எடுப்போமே, அந்த மாதிரி.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. வேற ஏதாவது உதவி வேணுமா?"

அவன் போனை வைத்தான். கீழே வாஷிங் மெஷின் சுற்றுகிற சத்தம். அதன் பக்கத்தில் ஒரு நாய்.

மாடிக்கு ஓடினான். போட்டுப் பார்த்த சொற்களைத் திரும்பப் போட்டுவிடக் கூடாது என்று ஒரு பழைய நோட்டில் வரிசையாகத் தமிழில் எழுதிவைத்திருந்தான். மொத்தம் பத்தொன்பது. கடைசி வரி அரைமணி. அதற்கு மேல் மேனேஜர். அதற்கு மேல் அவன் முதல் வண்டியின் எண். சரி. அதற்கு மேல் "சில்லு".

சில்லு யார்?

அவன் கையெழுத்துத்தான். அவன் போடுகிற சுழி. அதற்கு மேல் "மிட்டாய் வாத்தியார்". அதற்கு மேல் "ஓரக்கண்ணு". ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்து உரக்கப் படித்தான். மறக்கவே முடியாதவை என்றுதானே இவற்றைத் தேடித் தேடி எழுதியிருப்பான்? யாரோ ஒருவர் அவனுக்குப் பாடம் சொல்லித் தந்திருக்கிறார், மிட்டாயும் கொடுத்திருக்கலாம். ஒரு பெண் அவனை ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறாள். அப்படித்தான் இருக்க வேண்டும். அந்த முகங்கள் இருந்திருக்க வேண்டிய இடங்களில் மனசைக் கொண்டுபோய் நிறுத்தினால், சுத்தமாகப் பெருக்கித் துடைத்த தரை. எங்கோ தொலைவில் வாழ்கிறவர்களோ, போய்ச் சேர்ந்தவர்களோ. அவனிடம் அவர்களுடையதாக இருந்தது நினைவு மட்டும்தான். அதைக் காலி செய்துவிட்டார்கள்.

யார்?

அவன்தான். பொத்தானை அழுத்தியது வேறு யாராம்?

*

இனி தொடுவதில்லை என்று முடிவு செய்தான். வெள்ளிக்கிழமை முழுக்க அந்த முடிவில் நின்றான். அலுவலகத்தில் அரைமணி எதிரே வந்து, கதவைத் திறந்து பிடித்து, "போங்க சார்" என்றான். அவன் போனான்.

சனிக்கிழமை மதியம் மனைவிக்கு அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் அரை நாள் விடுப்பு. கூடத்தில் உட்கார்ந்து, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடிக்கும்போது ஏதோ ஒரு மெட்டை மூக்கால் பாடுவது அவள் வழக்கம், பாட்டு எதுவென்று அவளுக்கே தெரியாது. ஜன்னல் வழியாக வெயில் விழுந்து துணிகளிலிருந்து சோப்பு வாசனை எழும்பியது.

"ஏம்ப்பா, பத்து நாளா என்னத்தை ஒளிக்கிறே?"

"ஒண்ணும் இல்ல ஜட்ஜம்மா."

"சாட்சி பொய் சொல்றார்னு குறிப்பு எழுதிக்கறேன்."

"மேல்முறையீடு உண்டா?"

"கிடையாது. நேரா தண்டனைதான். இந்தா, உன் பனியனை நீயே மடி." அவன் மேல் துணியை எறிந்துவிட்டு, கொஞ்சம் தாழ்ந்த குரலில், "எதுவா இருந்தாலும் சொல்லுப்பா. நான் என்ன கடிச்சா தின்னுடப் போறேன்?" என்றாள்.

அவன் பனியனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். சொல்லியிருக்கலாம். வெயில், சோப்பு வாசனை, அவள் முகம், எல்லாம் அதற்குத் தோதாகவே இருந்தன. சொன்னால் அவள் திட்டுவாள், பிறகு சிரிப்பாள், பிறகு அக்காவிடம் அவளே பேசுவாள். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. பூட்டு சாவியைத் தொலைத்துவிட்டார் என்று அந்தக் குடும்பம் இனி ஆயுளுக்கும் அன்பாகச் சிரிக்கப்போவது.

அப்போது போன் அடித்தது. அக்கா.

"டேய் தம்பி, அந்த வீட்டு ஜன்னல்ல நின்னா ரயில் தெரியுதுடா. மாமாவுக்கு ரயில்னா உசிரு இல்ல? பணத்துக்கு நன்றி சொல்லலாம்னு கூப்பிட்டேன்."

"என் பணமாக்கா, எனக்கு நன்றி சொல்றே?"

"பத்திரமா வச்சிருந்தியே."

மாடியேறினான். கதவைச் சாத்தினான். தன்னோடு தானே பேசிக்கொண்டான். நாய்க்கு வயசாகிறது. அரைமணிக்கு வீட்டில் ஏதோ பிரச்சினை. நோட்டில் இருப்பது பழைய மறதி. படித்தவன் நம்புகிற விஷயமா இது? மேலும், அந்த வாலட்டை உருவாக்கியது மனைவியின் பிறந்த நாளுக்கு மறுநாள். ஜட்ஜம்மா என்று வைத்திருக்க எல்லா நியாயமும் உண்டு. அநேகமாக அதுதான். நிச்சயம் அதுதான்.

இடது, வலது. ஓர் எழுத்து. கீழே அவள் மூக்கால் பாடுவது படிக்கட்டு வழியாக மெல்ல ஏறி வந்தது. இன்னோர் எழுத்து. இன்னொன்று. பாட்டு ஒரு வளைவில் ஏறியது. கடைசி எழுத்து. இரண்டு கட்டைவிரல்கள்.

அழுத்தினான்.

இருட்டு.

எதிரொலி, இந்த முறை பெரிதாக. மிகப் பெரிய வீடு. பல அறைகள். சுண்ணாம்பு நெடி தொண்டையில்.

பூஜ்யம்.

கீழே பாட்டு வளைவிலிருந்து இறங்கவில்லை.

படிக்கட்டில் காலடி. அவளுடைய காலடிதான், ஆனால் ஒவ்வொரு படியையும் பார்த்துப் பார்த்து வைக்கிற காலடி. புது வீட்டுக்கு வந்தவர்கள் அப்படித்தான் ஏறுவார்கள். கதவில் இரண்டு தட்டு. பன்னிரண்டு வருடங்களில் அவள் அந்தக் கதவைத் தட்டியதே கிடையாது.

"உள்ளே வரலாமா?"

"வா."

எட்டிப் பார்த்தாள். புன்னகை. நல்ல புன்னகை, மருந்துக்கடையில் சீட்டை வாங்கும்போது வருவது.

"துணியெல்லாம் மடிச்சு வச்சுட்டேன். உங்களுக்கு வேற ஏதாவது வேணுங்களா?"

அவன் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினான். அவள் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

*

ஞாயிற்றுக்கிழமை மூன்று ஐம்பது. கூடத்து சோபாவின் நுனியில் அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், யாரோ வந்து கூப்பிடக் காத்திருப்பவளைப் போல. காலையிலிருந்து அப்படித்தான். குடிக்கத் தண்ணீர் கொடுத்தபோது "ரொம்ப நன்றிங்க" என்றாள். அவன் அவள் முன்னால் மண்டிபோட்டு எல்லாவற்றையும் சொன்னான்; அழுதும் சொன்னான். மரியாதைக்குறைவாக எதுவும் நடந்துவிடக் கூடாது என்கிற கவனத்தோடு கடைசிவரை கேட்டுவிட்டு, "பாவம், சரியாயிடும்" என்றாள்.

மாடியறையில், கருவியின் குட்டித் திரையில், ஆறு எழுத்துகள் தயாராக இருந்தன. சின்ன வயதில் அவனுக்கு மழலை திருந்தவில்லை. அக்காவை ஞக்கா என்றுதான் கூப்பிடுவான். இரண்டு வீடு தள்ளி எந்தக் கூட்டத்தில் இருந்தாலும் அந்தக் கூப்பாட்டுக்கு அவள் ஓடி வருவாள். ஒருவேளை இதுவாக இருக்கலாம். இதுவாக இருந்தால் பணம் கிடைத்துவிடும், யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இது இல்லையென்றால்.

இல்லையென்றால் அக்காவுக்கு அவன் மேல் கோபம் வராது. வருத்தமும் வராது. அவனை ஏமாந்த கண்ணோடு பார்க்க அவள் அங்கே இருக்கவே மாட்டாள்.

அந்த யோசனை அவனுக்கு ஒரு கணம் இதமாக இருந்தது. அப்படி இருந்தது தெரிந்ததும் தன் கட்டைவிரல்களையே வெட்டிப் போட வேண்டும் போல அவமானமாக வந்தது. ஆனாலும் விரல்கள் பொத்தான்களை விட்டு எழவில்லை.

அழைப்பு மணி.

கீழே அக்காவின் குரல். "என்னம்மா, எங்கேயாவது கிளம்பிட்டியா? ஏன் இப்படி உக்காந்திருக்கே?"

"வாங்க. உட்காருங்க. அவர் மேலே இருக்காரு."

"சண்டையா ரெண்டு பேருக்கும்? சரிதான்." தடதடவென்று படிக்கட்டு. தட்டாமல் கதவு திறந்தது. "டேய், அவளை என்னடா பண்ணினே?"

அவன் கருவியைக் கையில் வைத்தபடி அவளைப் பார்த்தான். முகம் முழுக்க வியர்வை, கையில் புது வீட்டுத் திரைக்கு அவள் வாங்கிய துணி. பத்து நாட்களாக விழுங்கியது வெளியே வந்தது.

"அக்கா, அந்தச் சொல்லை மறந்துட்டேன். பணம் அங்கதான் இருக்கு. ஆனா எடுக்க முடியாது. யாராலயும் முடியாது. எழுதி வைக்கலைக்கா. நான்... மன்னிச்சுக்கோ."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். திரைத்துணியை மடியில் வைத்து நீவினாள். பிறகு அவளுடைய தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. அழுகிறாள் என்றே நினைத்தான்.

"அட லூசு. இதுக்கா மூஞ்சி இப்படி இருக்கு? என்னைக் கேட்கறதுக்கு என்ன?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அன்னைக்கு, 'அக்கா திரும்பிக்கோ, யாரும் பார்க்கக் கூடாது'ன்னு பெரிய மனுஷன் மாதிரி சொன்னே. நானும் மரியாதையா சுவரைப் பார்த்து நின்னேன். நீ எழுத்து எழுத்தா வாய்விட்டுச் சொல்லிக்கிட்டேதான்டா அடிச்சே. சின்ன வயசுல வாய்ப்பாடு எழுதுவியே, அதே மாதிரி." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "டமாரம்னு வச்சே."

டமாரம்.

எல்லாம் வந்தது. வீட்டில் எதைச் சொன்னாலும் தெருவுக்கே அறிவித்துவிடுகிறவன். ஒளித்துவைத்த அவளுடைய மார்க்குச் சீட்டைப் பற்றி அப்பாவிடம் உளறி, அவளுக்கு அடி வாங்கிக் கொடுத்தவன். அடிவாங்கிய கையோடு அவள் வைத்த பெயர் அது. வளர்ந்த பிறகு யாரும் சொல்லக் கூடாது என்று அவனே தடை போட்ட பெயர். அவனைத்தவிர வேறு யாருடையதும் இல்லாத பெயர்.

கேட்டிருந்தால் போதும். பத்து நாளுக்கு முன், போனில், கேட்டிருந்தால்.

"குடு இங்கே. நான்தான் பழகினேனே." அவன் விரல்களுக்குள்ளிருந்து கருவியை உருவிக்கொண்டாள். திரையைப் பார்த்தாள். "இது என்ன... ஞக்காவா? என்னையும் போட்டுப் பார்த்தியா?"

"இன்னும் அழுத்தலைக்கா."

"அழுத்தினா என்ன?"

அவள் ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். சிரித்துக்கொண்டே.

இப்போது சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பாள். கீழே சோபா நுனியில் உட்கார்ந்திருப்பவளைக் காட்டிச் சொல்ல வேண்டும். என்ன செய்கிறோம் என்று தெரிந்தே, ஒரு சிரிப்புக்குப் பயந்து செய்தேன் என்று. ஓர் அவமானத்தைத்தான் அவனால் வெளியே எடுக்க முடிந்தது. இரண்டாவது, வேரோடு உள்ளே இருந்தது.

ஒருவேளை சரியான சொல் வேறு மாதிரி இருக்கலாம். சரியான கதவு திறந்தால் மற்றவையும் திறக்கலாம். அவன் அப்படி நம்பினான். நம்ப வேறு எதுவும் இல்லை.

இடது. வலது. அக்காவின் உதடுகள் ஒவ்வோர் எழுத்தையும் முணுமுணுத்தன. ரயில் தெரிகிற ஜன்னல் என்று நினைத்துக்கொண்டான். அது மட்டும் கிடைக்கட்டும். வலது. இடது. கடைசி எழுத்து.

"அக்கா."

"இரு."

இரண்டு பொத்தான்கள்.

இருட்டு.

இந்த முறை எதிரொலி இல்லை. சுண்ணாம்பு இல்லை. அந்த அறையில் ஆட்கள் இருந்தார்கள். நெருக்கியடித்துக்கொண்டு, மூச்சின் சூட்டோடு, நிறையப் பேர். கதவு திறந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பி அவனைப் பார்த்தார்கள். யாரோ நகர்ந்து இடம் விட்டார்கள்.

வெளிச்சம்.

மாடியறையில் ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தார். கையில் ஏதோ சின்னக் கருவி. கன்னமெல்லாம் கண்ணீர்; சிரிக்கவும் செய்தார்.

"இருக்குடா! எல்லாம் அப்படியே இருக்குடா! டேய் டமாரம்!"

அவனுக்கு அவரைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. யாருக்கோ நல்லது நடந்திருக்கிறது. அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். "டமாரம்! என்னடா ஆச்சு? டேய், என்னைப் பாருடா!" சிரிப்பு அவர் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. யாரையோ அவசரமாகத் தேடுகிறார் போல. பாவமாக இருந்தது.

"பதறாதீங்கம்மா. உட்காருங்க. நான் பார்த்துக் கூட்டிட்டு வரேன்."

படிகளைப் பார்த்துப் பார்த்து இறங்கினான். கூடத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். காலடியில் ஒரு பழுப்பு நாய். இருவருக்கும் தலையசைத்தான். அந்தப் பெண்ணும் அசைத்தாள். சமையலறையைத் திறந்து கூப்பிட்டுப் பார்த்தான். படுக்கையறையைத் திறந்து கூப்பிட்டுப் பார்த்தான். மாடியில் அந்த அம்மாவின் குரல் இப்போது கத்தலாகியிருந்தது. அதே பெயர், திரும்பத் திரும்ப. கடைசியாக வாசல் கதவைத் திறந்தான். நாலு மணி வெயிலில் தெரு வெறிச்சோடிக் கிடந்தது.

"டமாரம்!" என்று தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "இங்கே யாருங்க டமாரம்? உங்களை உள்ளே கூப்பிடறாங்க!"

யாரும் வரவில்லை. வந்தால் நுழைய வசதியாக இருக்கட்டும் என்று, சற்று ஒதுங்கி, கதவைப் பிடித்தபடி நின்றான்.